கொடைக்கானல் மலையில் குடும்பக் கூடல்: பட்டியல் எழுதுவது முதல் கணக்கு முடிப்பது வரை

செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகள் பலவும் இப்போது கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம் போன்றவை) துக்கத்துக்கும் மட்டுமே திறக்கின்றன. அந்த மூன்று நேரங்களிலும் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களே தவிர, உட்கார்ந்து பேசுவதில்லை. மாலை ரயிலுக்கோ மறுநாள் விமானத்துக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். ஒரே வளவில் (வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) அடுத்தடுத்த அறைகளில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் சென்னையிலும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அமெரிக்காவிலும் வளர்கிறார்கள். எல்லோரும் ஒருமுறை கூட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் 11 ஆண்டுகள் பேச்சாகவே இருந்தது. கடைசியில் 43 பேர் மூன்று இரவுகள் கொடைக்கானலில் ஒன்றாகத் தங்கினோம். அதை முன்னின்று நடத்தியவன் என்ற முறையில், எங்களுக்குச் சரியாக அமைந்ததையும் தவறிப்போனதையும் வைத்து, இப்படியொரு கூடலை எப்படி நடத்துவது என்று எழுதுகிறேன்.

ஊரில் அவ்வளவு பெரிய வீடு இருக்கும்போது மலைக்கு எதற்குப் போக வேண்டும் என்று முதலில் எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் கூடினால் ஊரில் இருக்கும் குடும்பம் விருந்து வைப்பவராகவும், வெளியூர்க்காரர்கள் விருந்தாளிகளாகவும் ஆகிவிடுவார்கள். ஊரில் இருக்கும் பெண்கள் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டை விட்டு வெளியே வரவே முடியாது. அதோடு, பங்கு பிரியாத வீடு என்றால், முகப்பில் ஒழுகும் ஓடுகளையும் பட்டாலைக் கூடத்தில் பெயர்ந்துவிட்ட தளத்தையும் பார்த்த மாத்திரத்தில் யார் பழுதுபார்ப்பது என்ற பேச்சு வந்துவிடும். அது பேச வேண்டிய பேச்சுத்தான். ஆனால் இத்தனை காலம் காத்திருந்து சந்திக்கும் மூன்று நாள்களில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. மலையில் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். புறப்பாடு மட்டும் வீட்டிலிருந்தே இருக்கட்டும்: முதல் நாள் இரவு அனைவரும் ஊருக்கு வந்து, வளவில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுத்து, விடியற்காலையில் சாமி வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். குழந்தைகளுக்கு அந்த ஓர் இரவே வீட்டைக் காட்டிவிடும்.

பட்டியலும் புள்ளியும்

செட்டிநாட்டில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் ஆள் கணக்கு என்றாலே புள்ளிக் கணக்குத்தான். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் காலமாகிவிட்டால் மற்றவர் அரைப்புள்ளி. கோயில் வரியெல்லாம் இந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. பெண்மக்கள் கல்யாணமானதும் கணவர் வீட்டுக் கோயிலில் புள்ளியாகிவிடுவதால், பிறந்த வீட்டுப் பட்டியலில் அவர்கள் இருப்பதில்லை. கோயில் வரிக்கு அது சரியான முறை. குடும்பக் கூடலுக்கு அதையே எடுத்தாண்டது நான் செய்த பெரிய தவறு.

கோயில் வரிக்கென்று பங்காளி ஒருவர் வைத்திருந்த பட்டியலை வாங்கி, அதிலிருந்த ஒன்பது புள்ளிகளுக்கு முதல் கடிதத்தை அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தேவகோட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில், என் அயித்தை (அத்தை) மகள் ஆச்சி எனக்கு எதிர் வரிசையில் இருந்தார்கள். இலையில் வைத்த கும்மாய இனிப்பைத் தொடாமல், "எங்காத்தா இந்த வீட்ல பொறந்தவுக இல்லையாப்பச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர்களையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலை முதலிலிருந்து எழுதினேன். ஒன்பது புள்ளி பதினேழு புள்ளியானது.

ஆகவே இப்படி எழுதுங்கள். ஒரு நீளமான நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டு, உங்களுக்குத் தெரிந்தவரை மூத்த ஐயா (தாத்தா), அப்பத்தா (அப்பாவின் தாய்) இருவரின் பெயரை முதல் பக்கத்தின் மேலே எழுதுங்கள். அவர்களுடைய மக்களை, ஆண் பெண் என்ற பிரிவே இல்லாமல், பிறந்த வரிசையில் ஆளுக்கொரு பக்கமாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அவரவர் மக்கள், பேரமக்கள். வேறு வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் (தத்துப் போனவர்கள்) இருப்பார்கள்; அவர்களையும் எழுதுங்கள். சட்டப்படியும் வழக்கப்படியும் அவர்கள் அந்த வீட்டுக்காரர்கள் என்றாலும், உடன்பிறந்தவர்களோடு இருக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்குத்தான் அதிகமாக இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள் எந்தக் கணக்கிலும் புள்ளியாக வருவதில்லை; அவர்களுக்கும் தனிப் பக்கம் வையுங்கள். வேற்றுச் சமூகத்தில் கல்யாணம் செய்துகொண்டதால் போக்குவரத்து நின்றுபோன பிள்ளைகளையும் எழுதுங்கள். எங்கள் பட்டியலில் அப்படி மூன்று குடும்பங்கள் இருந்தன; மூன்றும் வந்தன.

விவரம் கிடைக்காத கிளைகளுக்கு இரண்டு பழைய ஆவணங்கள் உதவும். ஒன்று, கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் இசைகுடிமானம். அதில் இரு பக்கத்துப் பெயரும் ஊரும் கோயிலும் இருக்கும். இன்னொன்று மொய்ப்பண ஏடு. யார் எந்த ஊரிலிருந்து வந்து மொய் எழுதினார்கள் என்பதைப் பார்த்தால், மறந்துபோன கொடிவழி (வம்சாவளி) ஒன்று அகப்பட்டுவிடும். பேரனுக்கு ஐயா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கள் ஏட்டில் மெய்யப்பன் என்று ஐந்து பேர். பெயருக்கு முன்னால் விலாசத்தின் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குடும்ப அடையாளத்தின்) எழுத்துகளை விடாமல் எழுதினால்தான் ஐயா யார், பேரன் யார் என்று பிரித்தறிய முடியும்.

அழைப்பது தொலைபேசியில்தான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு வண்டி நேரத்தையும் அறை எண்ணையும் சொல்லப் பயன்படட்டும். அழைப்பு அதில் வந்தால் பெரியவர்கள் அதை அழைப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் அந்தக் கிளையில் மூத்தவரிடம், உங்கள் பக்கத்து மூத்தவரே பேசட்டும்.

நாள் குறித்தல்

எல்லோருக்கும் ஒத்துவரும் நாள் என்று ஒன்று கிடைக்காது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை விடும்; சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதத்திலும், நவம்பர் பிற்பகுதி தொடங்கி ஆண்டு முடியும் வரையிலும் நீண்ட விடுமுறை; அமெரிக்காவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மே மாதத்தில் கொடைக்கானலில் கூட்டம் மிகுதி; மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பாதையில் மண் சரியும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது டிசம்பர் கடைசி வாரம். அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் அப்போது ஒன்றுகூடும். குளிர் கடுமையாகத்தான் இருக்கும், வாடகையும் கூடும். ஆனாலும் பிள்ளைகள் வரும் நாள்தான் கூடலுக்கு உரிய நாள் என்பது என் எண்ணம்.

இதில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கிட்டு, சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் வரும் பிள்ளையார் நோன்பு, சில ஆண்டுகளில் இந்த விடுமுறையை ஒட்டியே வந்துவிடும். உலகத்தில் எங்கே இருந்தாலும் நகரத்தார் கூடி இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி) எடுத்துக்கொள்ளும் நாள் அது. அப்படி வரும் ஆண்டை முன்கூட்டியே பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்துக்கொண்டால், அழைப்பை மறுப்பதற்கு யாருக்கும் மனம் வராது.

நாளை முடிவு செய்ததும் குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.

பணம்

இதைப் பற்றித் தயங்காமல் முதலிலேயே பேசிவிட வேண்டும். வெளிநாட்டில் நல்ல நிலையில் இருக்கும் ஒருவர், "மொத்தச் செலவும் என்னுடையது" என்று அன்போடு முன்வருவார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஒருவர் செலவில் நடந்தால் அது அவர் வீட்டு விசேஷமாகிவிடும். மற்றவர்கள் வாயைத் திறந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள்.

நாங்கள் பின்பற்றிய முறை இது. தங்குமிடம், வண்டி, சமையல்காரர் கூலி, மளிகை ஆகியவற்றைப் பொதுச் செலவாகக் கூட்டிப் புள்ளிக் கணக்கில் வகுத்தோம். அரைப்புள்ளிகளிடமும், 75 வயதைக் கடந்தவர்களிடமும், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடமும் எதுவும் வாங்கவில்லை. கூடுதலாகக் கொடுக்க விரும்பியவர்களுக்குப் "பொது நிதி" என்று தனிப் பற்றுவரவு வைத்து, பங்கு கட்டச் சிரமப்பட்ட இரண்டு குடும்பங்களுக்கு அதிலிருந்து ஈடுசெய்தோம். யாருக்கு ஈடுசெய்தோம் என்பது கணக்குப் பார்த்த இருவருக்கு மட்டுமே தெரியும், நோட்டிலும் எழுதவில்லை. கணக்கை எழுதுவது ஒருவரும், பணத்தை வைத்திருப்பது வேறொருவருமாக இருக்கட்டும். வட்டிக்கடைக் காலத்துப் பேரேடுகளைப் பார்த்து வளர்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மலை ஏறுதல்

மிகவும் தளர்ந்த பெரியவர்கள் இருந்தால் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையை நினைத்துப் பாருங்கள். 18 கொண்டை ஊசி வளைவுகளோடு பாதை முடிந்துவிடும், குளிரும் மிதமானது. ஆனால் 40 பேர் ஒரே கூரையின் கீழ் தங்க இடம் கிடைப்பது அங்கே கடினம். அதனால்தான் நாங்கள் கொடைக்கானலுக்குப் போனோம்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் வழியிலேயே இருப்பதால், கற்பக விநாயகரைக் கும்பிடாமல் யாரும் விட மாட்டார்கள். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். சிங்கம்புணரியைத் தாண்டும்போது பிரான்மலை தெரியும். பாரி ஆண்ட பறம்பு அதுதான் என்று குழந்தைகளுக்குக் காட்ட மறக்காதீர்கள். விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால், பெரியவர்களுக்காக நிறுத்தி நிறுத்திப் போனாலும் பகல் சாப்பாட்டுக்கு மேலே சேர்ந்துவிடலாம்.

ஒரு பெரிய பேருந்தை அமர்த்தாதீர்கள். 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்களுக்குக் கொடைக்கானல் மலைப்பாதையில் தடை இருக்கிறது. மூன்று வேன்கள் போதும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக, வண்டி எண்ணைச் சொல்லி எடுக்க வேண்டும். 2025 கோடைக்காலத்தில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையையும் வரையறுத்தார்கள். ஆகவே வேன்காரர் எடுத்துவிடுவார் என்று இருந்துவிடாமல், நீங்களே எடுத்து அச்சிட்டு ஓட்டுநரிடம் கொடுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் அங்கே தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் கூஜாக்களிலும் பாட்டில்களிலும் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றைப் புரட்டுவதுதான் மலைப்பாதையின் முதல் தொல்லை. வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் தின்றுவிட்டும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும். ஒவ்வாதவர்களை முன் வரிசையில் உட்காரவைத்து, கைப்பேசியைப் பார்க்காமல் பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் புறப்படும் முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம். அவர்களுடைய மருந்துகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

தங்குமிடத்தில் நான்கு விஷயங்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். பெரியவர்களுக்குப் படி ஏறாத அறைகளும் மேற்கத்திய கழிப்பறையும் இருக்கின்றனவா, மின்சாரம் நின்றாலும் வெந்நீர் கிடைக்குமா, நம் சமையல்காரர் சமைக்க அடுப்படியை விடுவார்களா, எல்லோரும் ஒன்றாகத் தரையில் உட்காரும் கூடம் உண்டா. கடைசியாகச் சொன்னதுதான் முதன்மையானது. ஹோட்டலில் இருபது அறைகள் எடுத்தால் இருபது கதவுகள் சாத்திக்கொள்ளும். முழு பங்களா ஒன்றை எடுங்கள். அறைகள் குறைந்தால் இளைஞர்கள் கூடத்தில் படுத்துக்கொள்ளட்டும்.

குளிருக்குக் கரியடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கம்பளிகளைத் தலைக்கு இரண்டாகக் கணக்கிடுங்கள்.

அடுப்படி

என் பாட்டுக்கு ஊரில் செய்வதையே மலையிலும் செய்யலாம் என்று எண்ணி, முதல் நாள் காலைக்கு இட்லி என்று எழுதிவிட்டேன். இரவு அரைத்து வைத்த மாவு, மறுநாள் காலையில் வைத்தது வைத்தபடி, ஒரு குமிழிகூட இல்லாமல் பாத்திரத்தின் அடியில் கிடந்தது. குளிரில் மாவு புளிக்காது என்பதை எங்கள் சமையல்காரர் அறிந்திருந்தும், எழுதிக்கொடுத்ததை மறுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டார். அவரைக் கேட்டு எழுதியிருக்க வேண்டியது நான்.

அன்று எங்களைக் காப்பாற்றியது வெள்ளைப் பணியாரம். அதற்கு மாவு புளிக்க வேண்டியதே இல்லை. ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளப்பது நம் ஊர் அளவு. ஊரில் இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். மலையில் தண்ணீர் சில்லென்று இருப்பதால் வெதுவெதுப்பான நீரில் மூன்று மணி நேரம் விடுங்கள். வெண்ணெய் போல அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்துக் கரைத்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஒரே இடத்தில் ஊற்ற வேண்டும். ஓரம் சுருங்கி மேலே எழும்பும்போது திருப்பிப் போட்டு, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். மூத்த அயித்தை அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, பேத்தியின் கையைப் பிடித்துக் கரண்டியைச் சாய்க்கும் விதத்தைக் காட்டினார்கள். நான்காவது பணியாரத்தில்தான் அந்தப் பெண்ணுக்கு வட்டம் வந்தது. அதுவரை வந்த மூன்றையும் அவளுடைய ஐயா கேட்டு வாங்கித் தின்றார்.

வேகும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அந்த உயரத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. பெரிய குக்கர்கள் இரண்டை ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள். கறுப்புக் கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். கருநீலமாக இறங்கியிருக்கும் ஊறல் தண்ணீரைக் கொட்டாமல் அதோடேயே குக்கரில் வேகவைத்து, சூட்டோடு சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்தால் நன்றாக வரும். பர்மாவிலிருந்து நம் வீடுகளுக்கு வந்த அரிசி என்பதை அப்போதே சொல்லிவிடலாம்.

தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் ஆகியவற்றை ஊரிலேயே பலகாரம் எடுத்து டின்களில் அடைத்துக்கொள்ளுங்கள். மலைக் காற்றின் ஈரத்தில் முறுக்கு நமுத்துப்போகும் என்பதால், ஒரே பெரிய டின்னில் போடாமல், நாளுக்கு ஒன்றாகத் திறக்கும்படி சிறு டின்களில் அடைப்பது நல்லது. பரிமாறுவது ஆண்பிள்ளைகளின் முறை என்று நாங்கள் வைத்தோம்; மூன்று நாளும் பெண்கள் முதல் பந்தியில் சாப்பிட்டார்கள். மற்ற எதை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

மேலே இருக்கும் நாள்கள்

ஊர் சுற்றுவதற்கு ஒரு காலைப் பொழுது போதும். ஏரியைச் சுற்றி நடப்பதும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நிற்பதும் பனிமூட்டம் இறங்கும் முன், பகல் 11 மணிக்குள் முடிந்துவிட வேண்டும். மாலையில் காட்டெருமைகள் தெருவுக்கே வரும். குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். எங்கே போகாவிட்டாலும் 1936-இல் கட்டப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய்விடுங்கள். வானம் தெளிவாக இருக்கும் காலையில் அங்கிருந்து பார்த்தால் பழனி மலை கீழே சிறிதாகத் தெரியும். தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்தே போன பெரியவர்கள், எங்கோ அண்ணாந்து பார்த்த மலையை அப்படிக் குனிந்து பார்த்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள்.

மீதிப் பொழுதையெல்லாம் கூடத்துக்கே விடுங்கள். சுவரில் நான்கு முழம் காடாத் துணியைக் கட்டி, நோட்டில் இருக்கும் கொடிவழியைக் குழந்தைகளையே எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்கள் பெயரை எழுத வேண்டுமானால், மேலே இருக்கும் மூன்று பெயர்களை யாரிடமாவது கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். மனைவியாக வந்தவர்களின் பெயருக்குக் கீழே அவர்கள் பிறந்த ஊரையும் பிறந்த வீட்டு விலாசத்தையும் கட்டாயம் எழுதுங்கள். பழைய ஏடுகளில் அந்த இடம்தான் காலியாக இருக்கும்.

பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதற்குச் சாப்பிட்டு ஓய்வெடுத்த பின் வரும் மாலை 4 மணி நல்ல நேரம். கூட்டத்தில் வேண்டாம், ஒரு சிறிய அறையில் ஒரு பெரியவர், கேட்பவர் ஒருவர், கைப்பேசி ஒன்று, அரை மணி நேரம். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "என்னத்தெச் சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். ரங்கூனிலிருந்து வந்த கடிதத்தின் நகல், மங்கிப்போன கல்யாணப் படம், ஒரு பித்தளைச் சம்படம். அசல்களை மலைக்கு எடுத்துப்போகாமல், ஊரிலேயே நகலெடுத்துப் போங்கள். எங்கள் அப்பத்தாவிடம் அந்தச் சம்படத்தைக் கொடுத்தபோது, மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, அங்கே வெட்டியிருந்த விலாசம் தன்னுடைய ஆத்தாவின் பிறந்த வீட்டினுடையது என்றார்கள். 1942-இல் பர்மாவை விட்டு வந்தபோது அந்த வீட்டார் என்னவெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள் என்று தாம் கேட்டு வளர்ந்ததை அதிலிருந்து தொடங்கி 50 நிமிடம் பேசினார்கள். அவர்கள் மகனான என் அப்பச்சிக்கே (தந்தைக்கே) அதில் பாதி தெரியாது.

நோன்பு நாள் கூடலில் வந்தால், வேண்டியவற்றைக் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். ஆவாரம்பூ வறண்ட நிலத்துச் செடி. மலையில் தேடிக் கிடைக்காது. ஈரத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். இழைக்கு நூல் எடுக்கப் புது வேட்டியும், மாவுக்கு அரிசி மாவும் வெல்லமும் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். 21 நூல் சேர்ந்த திரியை மாவில் வைத்து ஏற்றி, மூத்தவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும்போது மலைக் காற்று அணைத்துவிடாதபடி சன்னல்களைச் சாத்தி வையுங்கள். பழக்கமில்லாத மருமக்களுக்கும் குழந்தைகளுக்கும் முதல் நாளே எப்படி வாங்குவது என்று செய்து காட்டிவிடுங்கள்.

இறங்குதலும் கணக்கும்

இறங்கும்போது பழனிப் பாதையில் வருவது நல்லது. 64 கிலோமீட்டர் மலைப்பாதை முடிந்ததும் தண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பலாம்; படி ஏற முடியாதவர்களுக்கு ரோப் காரும் விஞ்சும் இருக்கின்றன.

கடைசி நாள் காலையில், புறப்படுவதற்கு முன், கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து வரவையும் செலவையும் வரிவரியாக உரக்கப் படியுங்கள். எங்கள் கணக்கைப் படிக்க 20 நிமிடம் ஆனது. பால் வாங்கிய கணக்கில் ஒரு நாள் இருமுறை எழுதப்பட்டிருந்ததைச் சிங்கப்பூரிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பையன் கண்டுபிடித்துச் சொன்னான்; அங்கேயே திருத்தினோம். மிச்சப் பணத்தைத் திருப்பிப் பங்கிடாமல், அடுத்த கூடலுக்கு முதல் வரவாக எழுதிவையுங்கள். யார் அடுத்த முறைக்காரர் என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் இன்னொரு 11 ஆண்டு போய்விடும்.

எங்களில் சிலர், குறிஞ்சி 2018-இல் பூத்ததைச் சொல்லி, அடுத்து 2030-இல் பூக்கும்போது வரலாம் என்றார்கள். அப்பத்தா, "அதுவரைக்கும் என்னெ இருக்கச் சொல்றீகளா?" என்று கேட்டார்கள். மூன்று ஆண்டு என்று முடிவானது. அடுத்த முறையை அந்த அயித்தை மகள் ஆச்சி ஏற்றுக்கொண்டார்கள். மிச்சப் பணத்தையும், பதினேழு புள்ளி எழுதிய நோட்டையும், சுருட்டிய காடாத் துணியையும் அவர்கள் வண்டியில்தான் ஏற்றி அனுப்பினோம்.